முன்னூறு பல்பு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் நின்னுச்சா? அம்மா மாத்திரை போடுறாங்களா?

ஹோட்டல் கூடத்துல மழை கொட்டுற மாதிரி முன்னூறு பல்பு தொங்கவிட்டேன்ல, அதை டிசைனர் தன் கைவேலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். நான் சுவிட்சை மட்டும் தூணுக்குப் பின்னாடி மாத்தி வெச்சேன்.

திறப்பு விழாவுல முதலாளி அவர்கிட்ட, "செஞ்சவர் நீங்களே போடுங்க"ன்னார். மனுஷன் அத்தனை பேர் முன்னாடி சுவர் சுவரா தடவினார். ஆசை தீரப் பார்த்துட்டு, நான் போய்த் தட்டினேன். ஒரு பல்பு வாங்கினாலே மானம் போகும், அவர் முன்னூறையும் மொத்தமா வாங்கினார்.

சொல்லிச் சிரிக்கத்தான் இங்க ரூம்ல ஆளில்லை.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன் வந்துடுச்சு. நம்ம ரூம் பல்பு எரியலன்னு எழுதியிருந்தே. உன் அண்ணனைத் தொட விடாதே, அவராலதான் நம்ம வீட்டுக்கே வெளிச்சம்னு ஊரெல்லாம் சொல்லுவார். நான் வந்து மாட்டுற வரைக்கும் இருட்டாவே இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்