எடைக்குப் போடாத கோழி

வித்தாச்சான்னுதானே முதல்ல கேப்பே கண்ணு, விக்கல. பதறாதே, கூரை இப்ப ஒழுகல, கடவுள் புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம், நீயும் குளிருக்கு நல்லா இழுத்துப் போத்திக்கிட்டு சுகமா இருப்பேன்னு நம்புறேன். நீ அனுப்புன தங்கக் காசைப் பிரிச்சுப் பாத்தா நம்ம கொண்டை மடிஞ்ச கோழி! அதே கோணக் கழுத்து, அதே திமிர்ப் பார்வை. காசு அடிக்கிற எடத்துல படம் வரையுற உத்தியோகம்னு போனவ, கடைசியில நம்ம வீட்டுக் கோழியையா வரைஞ்சேன்னு தனியா உக்காந்து சிரிச்சேன், அப்புறம் அழுதேன், என் அண்ணன் மகளுக்கு இப்படி ஒரு கையைக் குடுத்தியே சாமின்னு கும்பிட்டேன். உங்கப்பாகிட்ட நீட்டினேன், ஏறெடுத்தும் பாக்கல. நீ கிளம்புன அன்னைக்கு, படம் எத்தனை கிலோ தேறும்னு கேட்டாரே, அதோட உன்கிட்ட மூடின வாய்தான். பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தராசுல நிக்காதது கண்ணுல படுமா?

நீ எழுதினபடி வித்துக் கூரையை மாத்தலாம், தையல் மிஷின் நனையுதேன்னு, துணைக்கு அவரையே இழுத்துக்கிட்டுத் தங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசுல வச்சு விலை சொன்னாரு, நல்ல விலைதான், தங்கம் ஏறித்தானே கிடக்கு. உங்கப்பா திடீர்னு, கோழிக்கு எவ்வளவுன்னு கேட்டாரு பாரு! கடைக்காரர் முழிச்சாரு. அப்புறம் பொறுமையாத்தான் சொன்னாரு, விதவிதமாக் காசு சேத்து வைக்கிற பொழுதுபோக்குக்காரங்களுக்குன்னு தனியா அடிக்கிற காசுன்னா படத்துக்கும் விலை உண்டுங்க, இது முதலீட்டுக்கு வாங்குற காசு, எடைக்குத்தான் எடுப்போம், உருக்கிட்டா கோழி ஏது குருவி ஏதுன்னு. அவ்வளவுதான், எங்க அண்ணனுக்கு மூக்குக்கு மேல கோவம். எடைக்குப் போட இது என்ன ஓட்டைச் சட்டியா, என் பொண்ணு வரைஞ்சதுய்யா, ஒவ்வொரு இறகாப் பாருய்யான்னு கத்திட்டுத் தராசுல இருந்தே காசைப் பிடுங்கிக்கிட்டாரு. ஆயுசு பூரா எடைக்கு வாங்கி எடைக்கு வித்த மனுஷன்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நம்ம இரும்புக் கடையில கிடந்த தகரத்தை அவரே கூரை மேல ஏறி அடிச்சுட்டாரு, மழை வந்தா மத்தளம் மாதிரி சத்தம், ஆனா ஒரு சொட்டு உள்ள வரல. காசு அவர் சட்டைப் பையில, பழைய பேப்பர் போட வர்றவங்களுக்கெல்லாம் கோழி தரிசனம்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாத்து, படுக்கிறதுக்கு முன்னாடி சாமியை நினைச்சுக்கோ. அவர் உன் கையைக் கடைசி வரைக்கும் காப்பாத்தட்டும்.

உன்னை வளத்த
அத்தை

அடடா, முக்கியமானதை விட்டுட்டேனே. உன் போன் நம்பரை நேத்து அப்பாவே கேட்டு வாங்கிக் காசோட சேத்துப் பையில வச்சிருக்காரு, ஞாயித்துக்கிழமை பேசுறாராம்.