அப்பா சிரிக்கும் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் படம் திரும்பவும் சுவருக்கு வந்துவிட்டது. நீங்களே எடுத்துக்கொண்ட, பல் தெரியச் சிரிக்கும் படம்.

அம்மா இறந்தபோது வேறு படம் கிடைக்காமல் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அன்றிலிருந்து அம்மா சுவரில் மிரண்டுபோய்த்தான் இருக்கிறார். அது உங்களை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இதய அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்ன அதே வாரம், லிட்டில் இந்தியா ஸ்டுடியோவில் படம் எடுத்து, சட்டம் போட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்களே ஆணி அடித்தீர்கள்.

"உயிரோட இருக்கறவங்க படத்த அங்க மாட்டுவாங்களாப்பா?" என்று கத்தினேன்.

"எப்படியும் அங்கதான்லா வரப்போகுது. விட்டா நீங்க அவசரத்துல எதையாச்சும் மாட்டுவீங்க."

டாக்டரிடமும் அப்படித்தான். "எண்பது தாண்டியாச்சு டாக்டர், போதும்லா" என்றீர்கள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டாம் என்று தட்டைக் கையால் மறைப்பதுபோல. பக்கத்தில் நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்குப் பயமாகவே இல்லையா?

நீங்கள் போனதும் அண்ணன் அந்தப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். "செத்தவங்க படத்துல யாராச்சும் பல்லக் காட்டுவாங்களாடா? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" கம்ப்யூட்டரில் உங்கள் வாயை மூட வைத்து, புதிதாக ஒன்றை மாட்டினான். ஜுரு டவுனில் பழைய கார்களுக்குச் சாயம் அடித்து விற்பவன், உங்களையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு வருடம் அந்த முகத்தைப் பார்த்தேன். யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதுபோல இருந்தீர்கள். நீங்கள் அப்படிப் போகவில்லையே. காலையில் பசியாறினீர்கள், வெயில் ஏறுமுன் படுத்தீர்கள், எழவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சென்ற வாரம் வருஷத் திதி. முதல் நாளே ஸ்டுடியோவில் பழைய படத்தைக் கேட்டு வாங்கி மாட்டி, மாலை போட்டுவிட்டேன். அண்ணன் வந்து பார்த்தான்.

"எடுத்துடு தம்பி, அசிங்கமா இருக்கு."

"அண்ணே, இதுதான் அப்பா. நீ மாட்டுனது நீ விக்கிற கார்."

சாப்பிடாமல் போய்விட்டான். இன்னும் பேசவில்லை. எனக்கும் அவசரமில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கும்பிட்டார்கள். அம்மாகூட முன்புபோல் அவ்வளவு மிரண்டவராகத் தெரியவில்லை.

இன்னொரு சேதி. படம் வாங்கப் போனபோது ஸ்டுடியோக்காரர், "நீங்களும் ஒண்ணு எடுத்துக்கிறீங்களாண்ணே?" என்றார். முறைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, உட்கார்ந்தேன். "கொஞ்சம் சிரிங்கண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தார். வரவில்லை. கடன்காரனை விரட்டுகிறவன்போல விழுந்திருக்கிறேன்.

அந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் போவேன் அப்பா. என் ஆணியையும் நானே அடிப்பேன். அண்ணனுக்கு வேலை வைக்க மாட்டேன்.

சிரிக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
உங்கள் இளைய மகன்