மண் அள்ளிய வாளி

12-3-1958, புதன்

விருஷபாவதி ஆற்று வண்டலில் துத்தநாகம் அதிகம் என்று போன வாரம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதை வைத்துக் கரையோரம் துத்தநாக முலாம் பூசும் முனிசாமியின் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள்.

இன்று அவர் ஆய்வுக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"சாமி சத்தியமா ஒரு சொட்டுகூட ஆத்துல உடல சார். இன்னொரு தபா பாருங்க."

"மேல சொல்லிப் பாக்கறேன்" என்றேன்.

பிறகுதான் மண் அள்ளிய வாளியைக் கழுவினேன். துத்தநாகம் பூசிய வாளி. உள்ளே பூச்சு உரிந்து இரும்பு தெரிந்தது. உரிந்ததெல்லாம் என் மண்ணில்தான் கலந்திருக்கும். பீங்கான் ஜாடியில்தான் அள்ளச் சொல்லியிருந்தார்கள். கனமென்று நான்தான் வைத்துவிட்டுப் போனேன்.

வாளியை அலமாரிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். முனிசாமி இன்னும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.