பதிமூணு கிலோ குறைஞ்ச கதை

மாதனூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு,

அப்பா எழுதறேன். நல்லா இருக்கோம்னு எழுதக் கை வரல, நானும் உங்கம்மாவும் இருக்கோம், அவ்ளோதான். ஹாம்பர்க்ல குளிர் ஜாஸ்தின்னு சொன்ன, நீ உடம்பு கெடாம இருந்தா அதுவே எங்களுக்குப் போதும். போன்ல சொல்லாம ஏன் லெட்டர்னு கேப்ப. போன் பேசும்போதெல்லாம் உங்கம்மா பக்கத்துலயே இருக்கா, பொண்ணுகிட்ட சொல்லாதீங்கன்னு கண்ணாலயே சொல்றா. எனக்கு இனிமே மறைக்கத் தெம்பு இல்லம்மா.

இருபத்தெட்டு வருஷம் டேனரியில ஈரத் தோலைத் தூக்கித் தூக்கிப் போட்ட உடம்பு இது. அப்ப மூணு வேளையும் வயிறு முட்டத் தின்னாலும் எல்லாம் வேர்வையா போய்டும். ஷூ கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா உக்காந்த பிறகும் அதே தட்டு அதே சோறு, வேலைதான் இல்ல. வயிறு முன்னாடி வந்துச்சு, கம்பெனி மெடிக்கல் கேம்ப்ல எண்பத்தோரு கிலோ, சுகர் இருநூத்தி எண்பதுன்னாங்க. நானும் படுத்துட்டா உங்கம்மாவை யார் பாப்பாங்கன்னு பயந்துட்டேன். பக்கவாதத்துல அவளுக்கு இடது கை கால் விழுந்ததுலருந்து மூணு வருஷமா கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அவளை மாத்தறது நான்தானே. டாக்டர் மாத்திரை குடுத்து அரிசியைக் கம்மி பண்ணுங்கன்னார், நீயும் அதையேதான் சொன்ன. நான்தான் அதோட நிக்கல. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், காலையில டீ, மதியம் ரெண்டு இட்லி. எடை மளமளன்னு இறங்குச்சு. கம்பெனி பஸ்ல வர்ற பொண்ணுங்க இன்னாண்ணே வயசு குறைஞ்சிட்டீங்கன்னாங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு. அறுபத்தெட்டுல வந்து நின்னுடுச்சு, அதுக்கு மேல இறங்கல. உடனே ரெண்டு இட்லியை ஒண்ணாக்கினேன். உக்காந்த இடத்துல தூக்கம் வரும், வெயில்லயும் கை சில்லுன்னு இருக்கும், அதைக்கூட நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில உங்கம்மாவை எழுப்பி நிறுத்தி நாற்காலிப் பக்கம் திருப்பறேன், பாதியில முழங்கால் மடங்குச்சு, பிடி பிடின்னு மனசு சொல்லுது கை கேக்கல. ரெண்டு பேரும் தரையில விழுந்தோம். அவ வலது கையை ஊணி விழுந்தா, அவளுக்கு இருக்கறதே அந்த ஒரு கைதான், மணிக்கட்டு உடைஞ்சிடுச்சும்மா. அந்த நிலைமையிலயும் கொழறிக்கிட்டே உங்களுக்கு அடிபட்டுச்சான்னு என்னைத்தான் கேட்டா. அவளை விட்டுட்டேனேன்னு அங்கயே அழுதேன், எழுந்துக்கக்கூட முடியல. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சர்தார் பாஷாவும் அவர் சம்சாரம் தில்ஷாத்தும் ஓடி வந்து தூக்கினாங்க, காரு வெச்சு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் அவங்கதான்.

கட்டுப் போட்ட டாக்டர் என்னையும் ஒரு தடவை பாத்துட்டு, சாப்பாடு பத்திச் சொல்ற அம்பரீன்னு ஒரு பொண்ணுகிட்ட அனுப்பினார், உன் வயசுதான் இருக்கும். வெறுங்காலோட ஒரு மிஷின் மேல நிக்க வெச்சு, ரெண்டு கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாங்க, கொழுப்பு எவ்ளோ சதை எவ்ளோன்னு ஒரு சீட்டு வந்துச்சு. அதைப் பாத்துட்டு, ஐயா வயித்துல கொழுப்பு இன்னும் இருக்கு, கை கால் சதைதான் இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கம்மியா இருக்குன்னாங்க. உள்ள போறது கம்மியானா உடம்பு எரிக்கறதையும் கம்மி பண்ணிக்குமாம், அதான் எடை நின்னு போய் உடம்பு சில்லுன்னு ஆயிருக்கு. முட்டை பருப்பு எதுவும் தின்னாம உக்காந்தே இருந்தா கொழுப்போட சதையையும் சேர்த்துக் கரைச்சுடுமாம், சாதாரண எடை மிஷினுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாதாம். குறைஞ்சுது குறைஞ்சுதுன்னு நான் சந்தோஷப்பட்டது உங்கம்மாவைத் தாங்கின பலத்தைம்மா. நீ சொல்லித்தான் இப்படின்னு மட்டும் நெனச்சிடாத, நீ சொன்னது சரி, நான் செஞ்சதுதான் தப்பு.

இப்ப என் சுகர் மாத்திரையைக் குறைச்சிருக்காங்க. மூணு வேளையும் அளவா தின்றேன், முட்டை, சுண்டல், பருப்பு. கேட்ல நாற்காலியைப் பிடிக்காம எழுந்து எழுந்து உக்கார்றேன், முதல் வாரம் ஆறு தடவைக்கே மூச்சு வாங்குச்சு, இப்ப பத்து வருது. உங்கம்மாவுக்கு நான்தான் ஊட்டறேன், நான் ஒரு வாய் தின்னாத்தான் அவ வாயைத் திறக்கறா. சர்தார் பாஷா காலையில தொழுகை முடிச்சிட்டு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து அவளை ஒரு பக்கம் பிடிக்கறார். அவருக்கே முழங்கால் வலி, எத்தனை நாளைக்கு அவரைப் பேஜார் பண்றது. போன சதை திரும்பி வர மாசக்கணக்கு ஆகுமாம், இந்த வயசுக்கு முழுசா வருமோ என்னமோ.

நீயும் ராத்திரி வெறும் காபியைக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்னு அன்னிக்குச் சொன்ன, அது வேணாம்மா, எதையாவது செஞ்சு சாப்டு. லீவை வீணாக்காத, வராதன்னு இத்தனை வருஷமா நான்தான் சொல்லிட்டிருந்தேன். இப்ப வா. பாத்துட்டுப் போறதுக்கு இல்ல, ஒரு மாசமாவது தங்கற மாதிரி வா. இந்த லெட்டர் உன் கைக்கு வர்றதுக்குள்ள கட்டுப் பிரிச்சிருப்பாங்க.

கை கால் திடத்தோட, மனசுல குறையில்லாம நீ நல்லா இருக்கணும், உங்கம்மாவும் அதையேதான் வேண்டிக்கறா. டிக்கெட் போட்டதும் மறக்காம சர்தார் பாஷா போனுக்குச் சொல்லு, உங்கம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன். அவளைத் தனியாத் தூக்க எனக்கு இன்னும் பயமா இருக்கும்மா.

உன் அப்பா
சுப்பராயன்