நாலாவது கட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

டெஸ்ட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். செப்டம்பர் ஒன்று, காலை பத்து மணி. நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வரிசையாக வரும் முக்கோணத்தையும் வட்டத்தையும் பார்த்து அடுத்தது எது என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி ரயில் எஞ்சினில் ஏறலாம். சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

"சைக்கோ டெஸ்ட்டா? அதுக்கு எதுக்குங்க டிவிஷன் ஆபீஸ் வரைக்கும் போகணும்? என்னைக் கேட்டா நானே சர்டிபிகேட் எழுதிக் குடுத்துடுவேனே" என்றாள் சுப்பம்மா. சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றேன். பயமாக இருக்கிறது. இதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

நந்தியாலில் தடுக்கி விழுந்தால் கோச்சிங் சென்டர் வாசலில்தான் விழ வேண்டும். செருப்புக் கடை மாடியில் ஒன்றில் சேர்ந்தேன். பேங்க் பரீட்சைக்குப் படிக்கும் நாற்பது பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன், "பெரியப்பா, பையனைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று எழுந்து நின்றான். படிக்க வந்தேன் என்றதும் பின்வரிசையில் ஒரே கொண்டாட்டம்.

பாடம் எடுப்பவள் ஷம்ஷாத். என் மகள் வயதுகூட இருக்காது போலிருந்தது, கேட்டால் இருபத்தொன்பதாம். "அங்கிள், மொதல்ல கண்ண நம்புங்க, அப்புறம் மூளைய நம்புங்க" என்றாள். அங்கிள்! இருபத்தொரு வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய ஓபுலேசுக்குக் கண்ணைப் பற்றிப் பாடம்.

இருபது கேள்வியில் ஆறு சரி.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதினொன்று சரி. அம்புக்குறி எத்தனை பாகை திரும்புகிறது, புள்ளி எத்தனை கூடுகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டுமாம். கண்ணை மூடினாலும் அம்புகள் சுற்றுகின்றன.

ஆகஸ்ட் 14, வியாழன்

மார்ச் 18 பற்றி இந்த நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இன்று புரட்டும்போது கவனித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்றேகால். சிமென்ட் வண்டி. சின்னகுண்ட்லா ஸ்டேஷனுக்கு முன்னால் தூரத்து சிக்னல் மஞ்சள். அப்படியென்றால் அடுத்தது சிவப்பாக இருக்கலாம், தயாராக இரு என்று அர்த்தம். ஆனால் அந்த ஸ்டேஷனில் நான் பக்கத்தில் போவதற்குள் அதுவும் மஞ்சளாக மாறிவிடும், மெதுவாக உள்ளே போவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

அன்றைக்கு மாறவில்லை. சிவப்பைத் தாண்டி நாற்பது மீட்டர் போய் நின்றேன். எதிரே பாசஞ்சர் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள், அவ்வளவு பக்கம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? — வேண்டாம்.

ஒவ்வொரு சிக்னலையும் அசிஸ்டென்ட் முதலில் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுபவன் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்று என் அசிஸ்டென்ட் ஹைமாவதி. அந்த இரண்டாவது சிக்னலுக்கு அவள்தான் முதலில் "மஞ்சள்" என்றாள். கேட்டேன், பார்த்தேன், நானும் சொன்னேன். விசாரணையில் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஓபுலேசு சார்தான் மொதல்ல சொன்னாரு. நான் பிரேக் பைப் பிரஷர் பாத்துட்டு இருந்தேன், சார் சொன்னதயே திருப்பிச் சொல்லிட்டேன்." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்! பழைய எஞ்சின், பேச்சைப் பதிவு செய்யும் வசதி கிடையாது. அதிகாரிகள் என்னை நம்பினார்கள். எனக்கு இந்த டெஸ்ட், அவளுக்கு வேலை நீக்கம். செப்டம்பர் 17 அவளுடைய அப்பீல்.

பொய் சொல்கிறவளுக்காக நான் ஏன் வருத்தப்பட வேண்டும்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதினேழு சரி! பின்வரிசைப் பையன் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டான். மூன்று படம் பார்த்தாலே போதும், மிச்சம் தானாக வந்துவிடுகிறது. தாளித்த பொரி உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்று ஷம்ஷாத் ஒரு தாள் கொடுத்தாள். பத்து கேள்வி, ஐந்து நிமிஷம். முதலில் முடித்தவன் நான். பத்தும் சரி. "அங்கிள், ஏழாவது எப்படிப் போட்டீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள். தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். எழுந்து நின்று விளக்கினேன். அம்பு ஒவ்வொரு கட்டத்திலும் கால் வட்டம் திரும்புகிறது, புள்ளி ஒவ்வொன்றாகக் கூடுகிறது.

"நாலாவது கட்டத்துல என்ன இருந்துச்சு?"

"அம்பு இடது பக்கம். நாலு புள்ளி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்க்காமலா? மேல ரெண்டு, கீழ ரெண்டு. கீழ் ஓரத்துல ஒரு புள்ளி கொஞ்சம் அழிஞ்சுகூட இருந்துச்சு."

தாளைத் திருப்பச் சொன்னாள். நாலாவது கட்டம் காலி. வெறும் சதுரம். ஜெராக்ஸ் எடுக்கும்போது அவள் வேண்டுமென்றே காகிதத் துண்டை வைத்து மறைத்திருக்கிறாள். வகுப்பே சிரித்தது. "அங்கிள் மட்டும் இல்ல, முப்பது பேர் கவனிக்கல. ஆனா அழிஞ்ச புள்ளிய வரைக்கும் பாத்தது அங்கிள் மட்டுந்தான்" என்று அவளும் சிரித்தாள்.

நான் அதைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்த அழிந்த புள்ளி தெரிகிறது.

அப்போ அந்த மஞ்சள்?

ஆகஸ்ட் 21, வியாழன்

அவள் குரலும் அப்படித்தானா? "மஞ்சள் சார்" என்று காதில் கேட்கிறதே. கேட்டதா, நானே வைத்துக்கொண்டதா? ஐயோ, எதை நம்புறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஹைமாவதி வீட்டுக்குப் போனேன். வாசல் கம்பியில் பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

"கைய எப்படித் தூக்கினேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். சிக்னலைச் சொல்லும்போது கையையும் நீட்டுவது வழக்கம்.

"நல்லா இருக்கு சார். உங்க கையில டீ கப் இருந்துச்சு. கப்போட கைய நீட்டி மஞ்சள்னீங்க. டீ என் லாக் புக்குல சிந்துச்சு. அந்தப் பக்கம் இன்னும் கறையாத்தான் இருக்கும்."

"விசாரணையில இதச் சொன்னியா?"

"சொன்னேன். 'பெரிய டிரைவரு, இத்தன வருஷ சர்வீஸு, நீ வந்தது நேத்து, டீ கதைய விடு'ன்னாங்க. உங்களப் பாத்தேன். நீங்க இல்லேன்னு தலைய ஆட்டினீங்க." கம்பியில் இருந்த சீருடையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சிருந்தாக்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும் சார். நம்பிச் சொன்னீங்க. அதுதான் தாங்கல."

டீ எனக்கு ஞாபகமே இல்லை. துளிகூட இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பழைய லாக் புக் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. மார்ச் 18. கறை இருக்கிறது. பதினொன்று பத்துக்கு எழுதிய வரியின் மேல்.

செப்டம்பர் 1, திங்கள்

பாஸ். வடிவ வரிசையில் ஒன்றுகூடத் தப்பில்லை. "இந்த வயசுல இப்படி ஒரு ஸ்கோர் நான் பார்த்ததில்லையே" என்று அதிகாரி கை கொடுத்தார். நாளைக்கே வண்டி போட்டுவிடுவார்களாம். அடுத்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தானே நான் பார்க்கவில்லை!

செப்டம்பர் 2, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுப்பம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவே இல்லை. முடித்ததும் கேட்டாள்: "வாய மூடிட்டு இருந்தா என்ன ஆகும்?"

"நான் வண்டி ஓட்டுவேன். அவளுக்குப் போன வேலை போனதுதான்."

"சொன்னா?"

"எனக்கும் போகலாம். போகாட்டியும் எஞ்சின் கிடையாது."

கடைசி வெண்டைக்காயையும் நறுக்கி முடித்தாள். பிறகு கத்தினாள். "நாசமாப் போச்சு! கல்யாண வீட்ல அவ பக்கத்து எலையில உக்காந்தான்னு நான் எந்திரிச்சு வேற பந்திக்குப் போனேன். நாலு பேர் பாக்க. நீங்க சொன்னத நம்பிட்டு! இப்ப வந்து பாக்கலங்கறீங்க!" அழுதாள். எழுதிக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இன்னும் இரண்டு நாள். எழுதிக் கொடுக்கவில்லை. பென்ஷன், பெண்ணின் படிப்பு, குவார்ட்டர்ஸ் — எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. நான் கோழை. இதை எழுதும்போது மட்டும் பேனா நன்றாக ஓடுகிறது.

செப்டம்பர் 17, புதன்

ஹைமாவதிக்கு முன்னால் நான் உள்ளே போனேன். கேட்காமலே போனேன். "முதலில் மஞ்சள் என்றது நான். சிக்னலை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக நம்பினேன்." லாக் புக்கை மேஜையில் திறந்து வைத்தேன். ஒரு அதிகாரி கேட்டார்: "இப்ப சொல்றதும் நீங்களா நம்பிச் சொல்றது இல்லேன்னு என்ன நிச்சயம்?" கறையைக் காட்டினேன்.

வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். நான் படியிறங்கிப் போனேன்.

அக்டோபர் 23, வியாழன்

உத்தரவு வந்தது. எஞ்சின் இனி இல்லை. சம்பளம் இரண்டு படி இறக்கம். சுப்பம்மா படித்துவிட்டு மடித்து பீரோவில் வைத்தாள்.

நவம்பர் 12, புதன்

புது வேலையில் ஒன்பதாவது நாள். டிரைவர்கள் வண்டி ஏறுமுன் வந்து கையெழுத்திடும் அறையில் எனக்கு ஒரு மேஜை. ஒவ்வொருவரும் குழாயில் ஊத வேண்டும், கருவி காட்டும் எண்ணை நான் எழுத வேண்டும். குடித்திருந்தால் எண் ஏறும். இதுவரை யாருக்கும் ஏறவில்லை.

எட்டு மணிக்கு ஹைமாவதி வந்தாள். அப்பீலில் வேலை திரும்பக் கிடைத்தபின் அவளுக்கு இது முதல் வண்டி. கையெழுத்துப் போட்டாள். குழாயை நீட்டினேன், ஊதினாள். நான் நோட்டில் பூஜ்யம் போட்டேன்.

"சார்" என்றாள். "பாத்துட்டு எழுதுங்க."

போட்ட பூஜ்யத்தை அடித்தேன். கருவியைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூஜ்யம்தான். பக்கத்தில் மறுபடி எழுதினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போனாள்.