மூன்றாவது டம்ளர் காப்பி

என்னங்க,

நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பண்டிகைக்காகத் தையல் ஃபேக்டரிக்கு மூன்று நாள் லீவு. அறையில் இருப்பவர்கள் கடை கடையாக அலைகிறார்கள். நீங்கள் சொன்னபடி நான் எதுவும் வாங்கவில்லை. நிதானமாக உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பதுதான் என் பண்டிகை என்று வைத்துக்கொண்டேன்.

டம்ளரைக் கையில் எடுத்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். ஃபேக்டரியில் மணியடித்த ஐந்து நிமிஷத்துக்குள் குடித்துவிட்டு ஓடிப் பழகிய உடம்பு, மடமடவென்று முடித்துவிட்டது. மறுபடி போட்டேன். அதுவும் அதே கதி. நாக்குச் சுட்டதுதான் மிச்சம், பயப்படும்படி ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா, "உன்னை யாருடி துரத்துறா?" என்று சிரிக்கிறார்.

"ஒரு டம்ளர் காப்பிக்கு ஒரு மணி நேரமா?" என்று உங்களை எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருப்பேன்!

இது மூன்றாவது டம்ளர். ஒரு வரி எழுதி ஒரு வாய் குடிக்கிறேன். இப்போதுதான் ருசி தெரிகிறது. அதற்குள் தீர்ந்துவிட்டது.

இதைப் படித்த மறுநாள் காலை காப்பியோடு உட்காரும்போது எனக்குப் போன் போடுங்கள். பேச வேண்டாம். நீங்கள் உறிஞ்சும் சத்தம் கேட்டால் போதும். சத்தியமாகத் திட்டமாட்டேன்.

உங்கள்
அவசரக்காரி