கல்யாணக் கோட்டு

டில்லி, 8.1.1979

அற்புதத்தின் அப்பாவுக்குத் தோத்திரம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

குளிருக்குக் கொடுத்தனுப்பிய உங்கள் கல்யாணக் கோட்டை ஆபீசுக்கே போடுகிறேன். சூப்பிரண்டு நாற்காலியில் சேலையோடு உட்கார்ந்தால் வருகிறவர்களெல்லாம் என்னிடம் டீ கேட்கிறார்கள். டைப் அடிக்கத்தானே கற்றுக்கொண்டு மேலே வந்தவள் நான், டீ கொடுக்க அல்ல.

எங்கள் ஆபீஸ் பியூன் கொட்டாம்பட்டி மலையாண்டி, “என்னக்கா, மாப்ள வேசம்?” என்றான்.

“மாப்ள இல்லடா, சூப்பிரண்டு” என்றேன்.

நேற்று வந்த அதிகாரி முதலில் வணக்கம் சொன்னார், பிறகுதான் ஃபைல் கேட்டார். அடுத்த மாதம் பதவியை நிரந்தரமாக்க நேர்காணல். விட மாட்டேன்.

கோட்டில் இன்னும் உங்கள் மூக்குப்பொடி வாசம் இருக்கிறது. துவைக்க மனமில்லை. பெட்டியடியில் கிடக்கும் கால்சட்டையையும் அனுப்புங்கள். இடுப்பை நானே பிடித்துத் தைத்துக்கொள்வேன்.

தபால்காரர் வந்துவிட்டார்.

இன்னாசியம்மாள்